வாட்சப் குழு இருக்கும்போது பள்ளிக்கு வலைப்பூ எதற்கு?

தேவகோட்டை ஆசிரியர் ஒருவரின் கேள்வி, 14.06.2024

எங்கள் நடுநிலைப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. வீட்டுப்பாடம், படம், காணொளி எல்லாம் அதிலேயே போய்விடுகின்றன. இந்த ஆண்டு வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்குமாறு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். வலைப்பூக்களின் காலம் பத்தாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். நான் அறிவியல் ஆசிரியன். எழுத்து வேலை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இனிமேல் இதைத் தொடங்குவதால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

14.06.2024, இரவு

ஐயா, காரைக்குடிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பு வலைப்பூ ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வாட்சப் குழு செய்தி சொல்வதற்கு ஏற்றது. நாளை விடுமுறை என்பதையும் வரைதாள் வாங்கி வர வேண்டும் என்பதையும் அதில்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை முயன்று எழுதிய கட்டுரை அங்கே மறுநாளைய காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. பெற்றோர் கைப்பேசியை மாற்றினால் அதுவும் போய்விடுகிறது.

வலைப்பூவில் ஒவ்வோர் இடுகைக்கும் தலைப்பும் தேதியும் தனி முகவரியும் உண்டு. புதியது மேலே நிற்கும், பழையது மாதவாரியாகக் காப்பகத்தில் சேரும், ஒரே பொருளைப் பற்றியவற்றைக் குறிச்சொல் ஒன்றாகத் திரட்டிக் காட்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நம் பகுதி நகரத்தார் அன்றாட வரவு செலவை முதலில் நாள்வரிசையில் குறிப்பேட்டில் எழுதினார்கள். பிறகு அதையே ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். இடுகைகளின் வரிசை அந்தக் குறிப்பேட்டின் வேலையையும், குறிச்சொற்கள் பேரேட்டின் வேலையையும் செய்கின்றன என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது.

ஆறாம் வகுப்பில் எழுதியதை அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் திறந்து படிக்க முடியும் என்பதையே நான் இதன் முதற்பயனாகக் கருதுகிறேன். ஆண்டு முடிந்ததும் நோட்டுகள் பழைய தாள் கடைக்குப் போய்விடும் வீடுகள்தாம் நம்மிடம் மிகுதி.

15.06.2024

காலம் முடிந்துவிட்டது என்றீர்கள். அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இணையத்தில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. 1999இல் பிளாகர் வந்த பிறகு நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத முடிந்தது. 2003இல் பிளாகரைக் கூகுள் வாங்கியது. அதுபோன்ற மற்றொரு வலைப்பூக் கருவியான வேர்ட்பிரஸ் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தமிழில் அதற்கு முன்பிருந்த பெரிய இடர் எழுத்துரு. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்ததால், அதற்குரிய எழுத்துருவை இறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரிந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி பரவியதும் அந்தத் தொல்லை நீங்கியது; 2003 தொடங்கித் தமிழில் வலைப்பதிவர்கள் பெருகினார்கள். 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டி, யார் எங்கே புதிதாக எழுதினாலும் ஒரே பக்கத்தில் காட்டியதால், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் படிக்கத் தொடங்கினார்கள். 2015 அக்டோபரில் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அதற்கு உழைத்தவர்களுள் ஆசிரியர்கள் பலர்.

பிறகு முகநூல் வந்தது, கைப்பேசி வந்தது. பல தளங்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் காட்டிவந்த தன் செய்தியோடைப் படிப்பானை 2013இல் கூகுள் மூடியது. வாசகர் கூட்டம் கலைந்தது உண்மை. ஆனால் வகுப்பு வலைப்பூவுக்குக் கூட்டம் தேவையில்லை. எழுதியதைக் கருத்தூன்றிப் படித்து ஒரு கேள்வி கேட்கும் ஐந்தாறு பேர் போதும். அந்த ஐந்தாறு பேரை நம் ஊர்களிலேயே சேர்த்துவிட முடியும்.

22.06.2024

எதை எழுதச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி வலைப்பூக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

நான் பார்த்த பல பள்ளிகளின் பக்கங்களில் விடுதலை நாள் விழாப் படமும், ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படமும், பாடநூலிலிருந்து எடுத்த கட்டுரைகளும் இருக்கும். அவற்றில் பிள்ளையின் கை எங்குமே படுவதில்லை. பாடநூலில் உள்ளதைத் தட்டச்சு செய்து ஏற்றுவதால் தட்டச்சுப் பழக்கம் வருமே தவிர எழுத்து வராது.

எங்கள் வகுப்பில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு மாணவன் எழுதினான். முதல் வடிவத்தில் அது உலகப் புகழ் பெற்றது, செட்டிநாட்டு வீடுகளுக்கு அழகு சேர்ப்பது, அதைக் காக்க வேண்டியது நம் கடமை என்ற மூன்று செய்திகள் மட்டும் இருந்தன. பரீட்சைக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு வேறு எதுவும் வராது. அதை அப்படியே வெளியிட்டேன். அவனுடைய தாய்மாமன் அந்தக் கல் செய்யும் பட்டறையில் வேலை செய்பவர், யாரோ கைப்பேசியில் காட்ட, அவர் பின்னூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "கண்ணாடியைப் பத்தி ஏன் எழுதல?"

மருமகனுக்கு அது தெரியாது. அடுத்த சனிக்கிழமை மாமனோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதினான். மட்டமாக வைத்த கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தையும் கோல அச்சையும் வைக்கிறார்கள். அச்சின் கண்களில் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்த பின் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். தேய்க்காமலே அதற்கு வழவழப்பு வருவது அதனால்தான். தலைகீழாகச் செய்யப்படும் பொருள் அது என்பதை அவன் தன் சொற்களில் கண்டுபிடித்து எழுதியிருந்தான். பாடநூலில் அந்த வரி இல்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் வடிவத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டாவதைத் தனி இடுகையாக வெளியிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுக்கச் செய்தேன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும்போது அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்கிறேன். திருத்தம் என்றால் சிவப்பு மை என்று நினைத்திருந்த பிள்ளைகள், திருத்தம் என்றால் மறுபடியும் போய்ப் பார்ப்பது என்று புரிந்துகொள்கிறார்கள்.

நோட்டில் எழுதினால் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே, அவருக்கோ விடை முன்பே தெரியும். தெரிந்தவருக்கு எழுதும்போது பிள்ளை எதையும் விளக்குவதில்லை. தெரியாத ஒருவரோ தன்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரோ படிக்கப்போகிறார் என்று அறிந்து எழுதும்போதுதான் ஒவ்வொரு வரியிலும் கவனம் வருகிறது. வலைப்பூவிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பிறகு.

23.06.2024

கணினி அறை இல்லாத பள்ளி என்ன செய்யும் என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். 2009 ஜனவரியில், பதினொரு வயது மலாலா, பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கிலிருந்து பிபிசியின் உருதுத் தளத்துக்குக் குல் மகாய் என்ற புனைபெயரில் நாட்குறிப்பு எழுதியபோது, தாளில் கையால் எழுதித்தான் கொடுத்தனுப்பினார். தளத்தில் ஏற்றியவர்கள் வேறு. பிள்ளைகள் தாளில் எழுதட்டும். வாரத்துக்கு இரண்டு கட்டுரைகளை ஆசிரியரின் கைப்பேசியில் தட்டச்சு செய்து ஏற்றினால் போதும். தட்டச்சுப் பழகிய ஒரு பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பிழை திருத்தும் கண்ணும் அதற்கு வந்துவிடும்.

குரல்வழித் தட்டச்சையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அப்பத்தா சொல்லும் கதையையோ விடுகதையையோ பேச்சு மாறாமல் பதிந்துகொள்ள அது நல்ல கருவி. கட்டுரைக்கு அதை நான் அனுமதிப்பதில்லை.

06.07.2024

பெற்றோர் கூட்டத்தில் எழுந்த கேள்விகளால் இந்தக் குறிப்பு. எங்கள் பெண் பெயரும் படமும் இணையத்தில் வரலாமா என்று ஒரு தாய் கேட்டார். வரக்கூடாது என்பதே என் விடை. அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

2023இல் நிறைவேறிய மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, சிறிய ஊரில் தெருப்பெயரும் தந்தை பெயரும் போதும், பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். எனவே எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாங்களே வைத்துக்கொண்ட புனைபெயரில் எழுதுகிறார்கள். முகம் தெரியும் படம் கிடையாது. தறியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் கையைப் படம் எடுக்கலாம், நெய்பவரின் ஒப்புதலோடு. வீட்டு முகவரி, கைப்பேசி எண், பள்ளிக்கு வரும் வழி, வீட்டில் யாரும் இல்லாத நேரம் ஆகியவை எந்த வடிவிலும் வரக்கூடாது. வலைப்பூவின் இணையக் கணக்கு ஆசிரியரின் பெயரில் இருக்கும்; பிள்ளைகள் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை.

பிளாகரில் பக்கத்தை யார் படிக்கலாம் என்பதை நாமே வரையறுக்க முடியும்: எல்லோரும், எழுதுபவர்கள் மட்டும், அல்லது நாம் அழைத்தவர்கள் மட்டும். தொடக்கத்தில் அழைத்தவர்களுக்கு மட்டும் திறந்து வைத்து, பெற்றோருக்கு நம்பிக்கை வந்த பின் பொதுவாக்குவது நல்லது. பின்னூட்டங்களை ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தெரியும்படி அமைத்துவிடுங்கள். தேவகோட்டை ஐயா, இந்த ஓர் அமைப்பை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

07.07.2024

கானாடுகாத்தானிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா எழுதியிருக்கிறார்: எல்லாவற்றையும் ஆசிரியர் வடிகட்டினால் பிள்ளைக்கு ஆசிரியருக்குப் பிடித்ததை மட்டும் எழுதும் பழக்கம் வந்துவிடாதா? நேற்றைய குறிப்பை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

2012இல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தன் பள்ளியில் மதிய உணவாகத் தரப்பட்டதை நாள்தோறும் படம் எடுத்து, சுவைக்கும் நலத்துக்கும் மதிப்பெண் போட்டு வலைப்பூவில் எழுதினாள். பக்கம் பரவலாகப் படிக்கப்பட்டதும் உள்ளாட்சி மன்றம் படம் எடுக்கத் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்து மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. அவள் அந்தப் பக்கத்தின் வழியே திரட்டிய ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட நிதி ஆப்பிரிக்காவின் மலாவியில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்குப் போனது.

நம் பள்ளியில் ஒரு பிள்ளை குடிநீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்று எழுதினால் அதை வெளியிடுவோமா? இதை ஒவ்வோர் ஆசிரியரும் தொடங்குவதற்கு முன்பே தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் வைத்திருக்கும் முறை: ஒருவரை இழிவுபடுத்தும் சொல்லும் பிள்ளைக்கு இடர் தரும் செய்தியும் தடுக்கப்படும், உண்மையான குறையை நாகரிகமாகச் சொன்னால் தடுக்கப்படாது, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டப்படும். பெரும்பாலும் அந்தக் காட்டுதலிலேயே குறை சரியாகிவிடும்; சரியான செய்தியையும் சேர்த்து எழுதச் சொல்வேன். அம்மாவின் கேள்விக்கு இது முழு விடையாகாது என்பதை அறிவேன். ஆசிரியர் பொறுப்பேற்கும் இடத்தில் வடிகட்டி இருந்துதான் தீரும். அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

20.07.2024

மதிப்பெண் பற்றி. தொடக்கத்தில் வலைப்பூவுக்கு மதிப்பெண்ணே கூடாது என்று உறுதியாக இருந்தேன். மதிப்பெண் வந்தால் பிள்ளை மறுபடியும் ஆசிரியருக்காகவே எழுதும் என்பது என் காரணம். அந்தக் காரணம் இன்றும் சரியென்றே படுகிறது. ஆனால் வீட்டில் வேலை மிகுந்த பிள்ளைகள், குறிப்பாகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள், மதிப்பெண் இல்லாத வேலைக்கு வீட்டில் நேரம் கேட்க முடியவில்லை. "இது பரீட்சைக்கு உண்டா?" என்று அம்மா கேட்டால் அவர்களிடம் விடை இருப்பதில்லை.

ஆகவே பருவத்தின் நடுவே செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தரும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளுள் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் இடுகையின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. மற்றொரு பிள்ளையின் இடுகையில் பொருளுள்ள கேள்வி ஒன்று கேட்டதற்கும், தனக்கு வந்த கேள்விக்குப் போய்ப் பார்த்து விடை எழுதியதற்கும் மட்டும் உண்டு. "அருமை", "சூப்பர்", கைதட்டும் படம் ஆகியவை கேள்வி ஆகா. இப்படி வைத்த பிறகு எழுதத் தயங்கும் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் தரும் இடம் நம் பள்ளிகளில் அரிது.

11.08.2024

அறிவியலுக்கு இது எப்படி உதவும் என்று தேவகோட்டை ஐயா மறுபடியும் கேட்கிறார். உண்மையில் தமிழைவிட அறிவியலுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தேதியிட்ட பதிவு என்பதே அறிவியல் பழக்கம்தான்.

உங்கள் ஊரில் ஊருணி இருக்கும். செட்டிநாடு ஆற்றுப் பாசனம் இல்லாத மண். மழைநீரைக் கூரையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து ஏனங்களுக்கும், தெருவிலிருந்து வாய்க்கால் வழியே ஊருணிக்கும் கொண்டு சேர்த்த ஊர்கள் இவை. படித்துறையின் ஒரு படியில் அளவுக்குறி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டே வரி போதும்: தேதி, எத்தனை படி தெரிகிறது. ஆகஸ்டிலிருந்து தொடங்கினால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது மட்டம் ஏறத் தொடங்குவதையும், எத்தனை மழைக்குப் பிறகு ஏறுகிறது என்பதையும், மழை பெய்தும் ஏறவில்லை என்றால் வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள். ஒரே குறிச்சொல்லை இட்டு வந்தால், மூன்றாம் ஆண்டில் வரும் வகுப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் அளவுகளும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆண்டுகளை ஒப்பிட்டு வரைபடம் போட வைக்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எழுத்து வேலை பழக்கமில்லை என்று முதலில் சொன்னீர்கள். இந்த இரண்டு வரிப் பதிவுகளுக்கு அந்தப் பழக்கம் தேவைப்படாது. தவறாமை மட்டும் வேண்டும். ஊருணிக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் தனியே அனுப்பாதீர்கள்.

12.08.2024

மூன்றாம் ஆண்டு வகுப்பைப் பற்றி நேற்று எழுதினேன். அதுவரை பக்கம் இருக்க வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்தே வந்தது.

கோடிக்கணக்கான தனிப்பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ 2009இல் மூடியது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023இல் அறிவித்தது. ஆசிரியர் இடமாறுதலில் போய்விட்டாலோ ஓய்வு பெற்றாலோ கடவுச்சொல்லோடு வகுப்பின் எழுத்து முழுவதும் போய்விடக்கூடும். ஆகவே கடவுச்சொல்லைத் தலைமையாசிரியரும் முத்திரையிட்ட உறையில் வைத்திருக்கட்டும். பருவத்துக்கு ஒரு முறை அமைப்புகளுக்குள் போய் உள்ளடக்கத்தைக் காப்புப்படி எடுங்கள். அந்தக் கோப்பில் இடுகையும் பின்னூட்டமும் வரும், படங்கள் வருவதில்லை. படங்களைத் தனியே சேமிக்க வேண்டும். நல்லவற்றைத் தாளில் அச்சிட்டுக் கோத்துப் பள்ளி நூலகத்தில் வைப்பதும் என் வழக்கம்.

நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் எறிந்துவிடும் அச்சுத் தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒருவர் எடுத்து வைத்ததால்தான் இன்றைய ஆய்வாளருக்கு அவை கிடைக்கின்றன. பிள்ளைகள் எழுதுவதும் எடுத்து வைக்கத் தக்கது என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். அப்பத்தா சொன்ன பலகார முறை, கோயில் திருவிழாவில் எந்த வீட்டார் எந்தப் பொறுப்பை ஏற்பார்கள் என்ற வழக்கம், இடிபட்ட வீட்டின் தூண்கள் எங்கே போயின என்ற செய்தி ஆகியவை வேறு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

28.09.2024

காலாண்டுத் தேர்வு முடிந்தது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், எங்கள் பள்ளி என்று நான்கு இடங்களிலிருந்து இங்கே தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஆசிரியராக இருந்த டேவிட் மிட்செல் 2011இல் தொடங்கிய ஒரு முறை நமக்கு அப்படியே பொருந்துகிறது: நான்கு வகுப்புகள் ஓர் அணி, வாரம் ஒரு வகுப்பின் பக்கத்தை மற்ற மூன்று வகுப்புகளும் படித்துப் பின்னூட்டம் இட வேண்டும், நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடியும். எழுதியதற்கு யாரும் வரவில்லை என்று பிள்ளைகள் ஏங்கிப்போகும் நிலை இதில் வராது, ஆசிரியர்களின் சுமையும் பகிரப்படும்.

பள்ளி திறந்ததும் முதல் வாரம் தேவகோட்டையின் ஊருணிப் பதிவுகளைப் படிக்கலாம். மழை தொடங்கும் நேரம் என்பதால் அதை முதலில் வைத்தேன். இரண்டாம் வாரம் பள்ளத்தூர், மூன்றாவது எங்கள் வகுப்பு. நான்காம் வாரத்துக்குக் கானாடுகாத்தான் தலைமையாசிரியை அம்மா, தாம் இப்போது மாலையில் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளைக் கொண்டு எழுத வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேள்விக்கு விடை எழுத மறு வாரம் வரை தவணை. பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரியை நால்வருக்கும் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து வந்து சேராத பிள்ளையின் எழுத்தை அது வரும்வரை ஏற்ற வேண்டாம். தேவகோட்டை ஐயா, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் படியை முதல் படியாக எண்ணுகிறீர்கள் என்பதை முதல் இடுகையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள், எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.